நுக்கே சோப்பு

ஆம்பளைக்கு முடி கொட்டினால் அறிவு கூடிவிட்டது என்பார்கள். "வழுக்கை விழுந்தா பணம் சேரும்" என்று வாழ்த்தக்கூடச் செய்வார்கள். பொம்பளைக்குக் கொட்டினால் மட்டும் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள். என்ன ஷாம்பு போடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்தாயா இல்லையா... எங்கே ஆரம்பித்தாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "மனசுல யாராச்சும் இருக்காங்களா?" (மனசில் ஆள் வந்தால் மண்டையிலிருந்து முடி ஏன் போகவேண்டும் என்று இன்றுவரை எவரும் எனக்கு விளக்கியதில்லை.)

எங்கள் வீட்டுக் கமிஷனுக்குத் தலைவர் தங்கராசு மாமா. அம்மாவின் அண்ணன். அவர் தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அந்தத் தலையைத் தடவிக்கொண்டேதான் தீர்ப்புச் சொன்னார்: "பெங்களூர் தண்ணிம்மா. அங்க போன பொண்ணுங்க எதுக்கும் முடி தங்கறதில்ல. தண்ணி முடியத் தின்னுரும்." பெங்களூர் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் குடியாத்தத்திலேயே உட்கார்ந்திருந்த உங்கள் தலை எப்படி மாமா காலியானது என்று கேட்டேன். "நான் யோசிக்கிறவன்டி" என்றார்.

மாமா சொன்னது அம்மா மனதில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. தொண்ணூறுகள் முடியப்போகிற அந்தச் சமயத்தில் எனக்குப் பெங்களூரில், தொம்மலூரில், முதல் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் அசையாச் சொத்து என்று இருந்தது என் ஜடை ஒன்றுதான். (நடந்தால் அசையும், அது வேறு விஷயம்.) கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள்கூட முகத்தைப் பார்க்குமுன் முதுகைத்தான் பார்ப்பார்கள். அதனால் அம்மா கண்டிஷன் போட்டுத்தான் பஸ் ஏற்றினாள்.

"போ. ஆனா ஊருக்கு வர்றப்பெல்லாம் ஜடையப் பாப்பேன். இடுப்புக்கு மேல ஏறிச்சு, அன்னைக்கே மூட்டையக் கட்டிரணும். வேலையும் வேணாம், ஒரு வெங்காயமும் வேணாம்."

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அமெரிக்க டாக்டர்கள் வாயில் கொழுக்கட்டையை அடக்கியபடி பேசுவதைக் கேட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் டைப் அடித்துத் தரவேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். அதாவது, டாக்டர் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்குவதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிப்பதற்கு உதவும்.

அந்த வேலை என் மண்டைக்குள் கனத்தை ஏற்றிவிட்டது. அமெரிக்காக்காரனின் இங்கிலீஷே நமக்குப் புரிகிறது, பக்கத்து வீட்டுக் கன்னடம் எம்மாத்திரம்? அதற்கு நானே ஒரு இலக்கணமும் கண்டுபிடித்தேன். தமிழில் 'ப' வந்தால் 'ஹ' போடு, முடிந்தது கன்னடம். பால் ஹாலு, பல்லு ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து. இந்த இலக்கணத்தை நம்பி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம், "தொம்மலூர் ஹஸ் யாவாக பருத்தே?" என்று கேட்டேன். கன்னடத்தில் ஹசு என்றால் பசு. தொம்மலூர் மாடு எப்போது வரும் என்று கேட்ட என்னை அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேய்ஞ்சு முடிச்சதும் வரும்மா" என்று தமிழிலேயே சொன்னார். அப்போதாவது நான் திருந்தியிருக்கவேண்டும். திருந்தினால் நான் ஏன் நானாக இருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து அரை வருஷம் ஆவதற்குள் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில் முடி, சீப்பில் முடி, கீபோர்டில் முடி. பெங்களூர் முழுக்கக் காரணம் சொல்ல ஆள் இருந்தது. மாடி ரூமை எனக்கு வாடகைக்கு விட்டிருந்த ஓனரம்மா (மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழ்) "இது போர் தண்ணிம்மா, அப்டித்தான். காவேரி தண்ணி கனெக்‌ஷன் வந்தா நின்னுரும்" என்றார். ஆபீஸில் ஏ.சி. என்றார்கள், கம்ப்யூட்டர் சூடு என்றார்கள். பஸ்ஸில் பின் சீட்டு அம்மா ஒருத்தி, முன்பின் தெரியாதவள், என் ஜடையைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு" என்று கீழே விட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அமெரிக்க டாக்டர்கள் பெண்களுக்கு முடி ஏன் கொட்டுகிறது என்று தினமும் என் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, தைராய்டு, கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, இழுத்து இறுக்கிப் பின்னுவது, வயிற்றைக் காயப்போடுவது. எல்லாவற்றையும் பிழையில்லாமல் டைப் அடித்தேன். இதெல்லாம் வெள்ளைக்காரிகளுக்கு வருகிற வியாதி என்று நினைத்துக்கொண்டு, காலையில் பேக்கரி பன்னும் டீயும், மத்தியானம் கேன்டீன் சித்ரான்னம், ராத்திரி பிஸ்கட் என்று ராஜ வாழ்க்கை வாழ்ந்தேன். கமிஷனில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட "நீ என்ன திங்கற?" என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் போனில் "சாப்பிட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். என்ன சாப்பிட்டேன் என்பது அந்தப் பதிலில் இல்லை.

ஜடை இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை மேலே போனால் குடியாத்தம். பயந்துபோய், தெருமுனைக் கிளினிக்கில் இருந்த டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணாடி, கதர்ப் புடவை, தலைமுடியைச் சுருட்டிக் கிளிப் போட்டிருந்தார்.

"கன்னடவா, தமிழா, இங்கிலீஷா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆரம்பித்தார், மகராசி.

"கன்னட கொத்து" என்றேன் நான். கன்னடம் தெரியும் என்று அர்த்தம். அந்த மூன்று வழிகளில் எனக்கு அரைகுறையாகத் தெரிந்த ஒன்றே ஒன்றைத் தேடித் தேர்ந்தெடுத்தேன்.

கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "ரக்த கம்மி இதே" என்றார். ரத்தம் கம்மி. புரிந்தது. மாத்திரை எழுதினார். அப்புறம் சொன்னார்: "சொப்பு ஜாஸ்தி தகொளி. தினா தகொளி. நுக்கே சொப்பு தும்ப ஒள்ளேது. சென்னாகி தொளெது..."

சோப்பு நிறைய எடுத்துக்கொள். தினமும். நுக்கே சோப்பு ரொம்ப நல்லது. நன்றாகக் கழுவி... ஆஹா, ஒரு வார்த்தை விடாமல் புரிகிறதே! சொ-வுக்கும் சோ-வுக்கும் என்ன பெரிய வித்தியாசம், கன்னடக்காரர்கள் கொஞ்சம் குறுக்கிச் சொல்வார்கள்போல. டாக்டரம்மா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் "கொத்து, கொத்து" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம்தான். அதற்கு நான் கொடுத்த விலை என் கூந்தல்.

நேராகச் சேட்டன் கடைக்குப் போய் "நுக்கே சோப்பு இருக்கா?" என்றேன். கடைக்காரர் பாலக்காட்டிலிருந்து வந்தவர். இல்லை என்கிற சொல் எந்த மொழியிலும் அவருக்கு வராது. "நுக்கே இப்போ ஸ்டாக் வரல்லே மோளே. கம்பெனியில் ஸ்ட்ரைக்காணு" என்றார் யோசிக்காமல். "இது எடுத்தோ. இதும் அதே குவாலிட்டி." பச்சை நிறத்தில் ஒரு கட்டி. இலைப் படம் போட்டிருந்ததால் மருந்து சோப்புதான் என்று எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

டாக்டர் கொடுத்த மாத்திரை குமட்டியது. ரத்தத்துக்குத்தானே கொடுத்தார், முடிக்குத்தான் சோப்பு இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். (அறிவு!) காலையில் ஒருமுறை, ஆபீஸ் விட்டு வந்து ஒருமுறை, வெந்நீரில் தலைக்குச் சோப்பு. போர் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பெங்களூரில் துணி துவைத்தவர்களுக்குத் தெரியும். நுரை வராது. திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஒன்று தலையெல்லாம் அப்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, வைத்தியம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதைச் சீவி எடுக்கும்போது முடியும் கூடவே வந்தது. கன்னடத்தில் கொத்து என்றால் தெரியும். தமிழில் கொத்துக் கொத்தாய்ப் போனது.

தினமும் காலையில் கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர், "சொப்பூ... சொப்பேய்!" என்று கூவிக்கொண்டு போவார். இந்த ஊரில் பொழுது விடிந்ததும் எத்தனை குழந்தைகள் விளையாட்டுச் சொப்பு வாங்கும் என்று ஆச்சரியப்பட்டபடி, சோப்பு நுரை கண்ணில் போகாமல் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஊருக்குப் போவதை நிறுத்தினேன். ஆபீஸில் லீவு இல்லை, பஸ்ஸில் சீட்டு இல்லை, கால் சுளுக்கு. என் ஜடை இப்போது எலிவால் அளவுக்கு வந்திருந்தது. கடைசியில் போட்டுக்கொடுத்தது ஓனரம்மா. ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுப் போனில் அம்மா பேசியபோது, பைப்பில் முடி அடைத்துக்கொண்ட கடுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் போனை வாங்கியதும் வெடித்தது.

"ஏண்டி, தினமும் ரெண்டு வேளை தலைக்கு ஊத்திக்கிறியாமே? பெங்களூர்ல தினம் ரெண்டு எழவா விழுது?"

"இல்லம்மா, அது வந்து..."

"இல்ல எங்களத்தான் தலைமுழுகறியா? அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். மூட்டை கட்டி ரெடியா வை."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. (பன் இறங்கவில்லை என்று திருத்தி வாசிக்கவும்.) வேலை போய்விடும். குடியாத்தத்தில் தங்கராசு மாமா தலையைத் தடவிக்கொண்டு "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அதை நினைத்தபோதுதான் எனக்கு வீரம் வந்தது. சிவாஜிநகர் பேன்ஸி ஸ்டோரில் நீளமாக ஒரு சவுரி வாங்கி, என் எலிவாலில் வைத்து, கறுப்பு நூலால் கட்டி, கொண்டை ஊசி குத்திப் பின்னிக்கொண்டேன். நிறம் கொஞ்சம் செம்பட்டை. விளக்கு வெளிச்சத்தில் தெரியாது.

அம்மா இருட்டினபிறகுதான் வந்தாள். கதவைத் திறந்ததும் என்னைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். ஜடை இடுப்புக்குக் கீழே கம்பீரமாகத் தொங்கியது. முகம் மலர்ந்துவிட்டது. "அந்தம்மா புளுகியிருக்கா பாரு" என்றாள். அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். என் வாய் சும்மா இருக்குமா? "டாக்டர் சொன்ன மாதிரி தினமும் சோப்பு போடறேன்மா, அதான்" என்றேன்.

"தலைக்கு தினமும் சோப்பா? எந்தப் புத்திகெட்ட டாக்டர் சொன்னா? நட, நான் கேக்கறேன்."

மறுநாள் காலையில் கிளினிக். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஆகவே மொழிபெயர்ப்பாளர் அடியேன்.

"இவளுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கான்னு கேளு" என்றாள் அம்மா.

"அம்மா நமஸ்காரா அந்த்தாரே" என்றேன். அம்மா வணக்கம் சொல்கிறாராம்.

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. "சொப்பு தகொண்ட்ரா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டாயா என்கிறார்.

"தினா எரடு சல" என்றேன் பெருமையாக. தினமும் இரண்டு வேளை.

"வெரி குட்! ஹேகே மாட்தீரா?" எப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறார்.

"பிசிநீரு ஹாக்கி, தலெகெ சென்னாகி திக்கி..."

"தலெகா?" வெந்நீர் விட்டுத் தலைக்குத் தேய்க்கிறேன் என்றதும் அவர் புருவம் ஏறியது. "சொப்பு, தலெகா?" அரைத்துப் பூசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பார்க்கலாம் என்று எழுந்து என் பின்னால் வந்தார். முடி கொட்டுகிறதா என்று பார்க்க டாக்டர்கள் கொஞ்சம் முடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். இதையும் நான் எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன். எனக்கே நடக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

இழுத்தார். முழு ஜடையும் அவர் கையில் வந்துவிட்டது.

"அய்யோ தேவரே!" என்று அலறி, பாம்பைப் பிடித்தவர் மாதிரி கையை உதறினார். ஊசி மாட்டிக்கொண்டதால் சவுரி அவர் கையை விடவில்லை. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அடிப்பாவி! என் பொண்ணு முடியப் புடுங்கிட்டியே! நாசமாப் போறவளே, இருவது வருஷம் எண்ணெய் வெச்சு வளத்தேனே, ஒரே இழுப்புல வேரோட புடுங்கிட்டியே! போலீசக் கூப்புடுங்க!"

திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த கூட்டம் முழுக்கத் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் அம்மா கையைப் பிடித்து இழுத்து, இருக்கிற குரலில் பாதியில் சொன்னேன்: "அம்மா... அது என்னுது இல்லம்மா. கடையில வாங்கினது."

அம்மா என் பின்மண்டையைப் பார்த்தாள். எலிவால். சவுரியைப் பார்த்தாள். திரும்ப எலிவாலைப் பார்த்தாள். பிறகு கோபத்தின் முழு பாரத்தையும் மறுபடி டாக்டரம்மா பக்கமே திருப்பினாள். "தினமும் ரெண்டு வேளை தலைக்கு சோப்பு போடச் சொன்னா எவளுக்குத்தான் முடி நிக்கும்? நீயெல்லாம் படிச்சவளா?"

டாக்டரம்மா சவுரியை மேஜைமேல் வைத்தார். அட்சரம் பிசகாத தமிழில் சொன்னார்: "அம்மா, கொஞ்சம் ஒக்காருங்க. நான் எப்பம்மா சோப்பு போடச் சொன்னேன்? சொப்பு. சொப்புன்னா கீரை. கீரை சாப்பிடச் சொன்னேன். நுக்கே சொப்பு, முருங்கைக்கீரை!"

கிளினிக்கில் ஓர் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். (விழுந்தது. சவுரி ஊசி.)

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன் ஈனக்குரலில்.

"நான் அல்சூர்ல பொறந்து வளந்தவம்மா. அக்கம்பக்கம் ஃபுல்லா தமிழ்தான். நீங்கதானே கன்னட கொத்து, கொத்துன்னீங்க?" என்றவர், "என்ன சாப்பிடறே, ஒழுங்கா சொல்லு" என்று ஒருமைக்கு வந்துவிட்டார்.

பன், டீ, சித்ரான்னம், பிஸ்கட். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அம்மா என் கையை எடுத்து வெளுத்த நகங்களைத் தடவினாள். அத்தனை திட்டும் பொறுத்த எனக்கு, அந்தத் தடவலைப் பொறுக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் இந்த ஊர்த் தண்ணியாலதான் டாக்டரம்மா" என்றாள் அம்மா கடைசியில், சுரத்தில்லாமல். "இவள இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

டாக்டரம்மா தன் கிளிப்பைக் கழற்றினார். சுருட்டி வைத்திருந்த முடி அவிழ்ந்து புடவைக் கொசுவம் வரை இறங்கியது. "பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியிலதான் குளிக்கறேன். ஊர் காரணம் இல்லம்மா. ஒண்ணு வயிறு. இன்னொண்ணு உங்க பொண்ணோட காது."

அம்மா என் காதைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "டாக்டரம்மா, இவளுக்கு என்ன வேலை தெரியுமா? டாக்டருங்க சொல்றதக் காதால கேட்டு எழுதற வேலை!" அதற்கப்புறம் டாக்டரம்மாவும் நாற்காலியில் உட்காரவேண்டியதாயிற்று. திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த காய்ச்சல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை.

மூட்டை கட்டப்படவில்லை. அம்மா தங்கினாள். மறுநாள் காலை "சொப்பூ..." சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வண்டி நிறைய முருங்கை, வெந்தயம், தண்டுக்கீரை. இங்கே வாங்க என்று கூப்பிட 'இல்லி பன்னி' என்று சொல்லவேண்டும் என்று நான் பாடம் எடுத்தேன். "மனுசனப் போயி பன்னின்னு கூப்பிடறதா?" என்று என்னை முறைத்துவிட்டு, "அண்ணே! கீரை!" என்று தமிழிலேயே கத்தினாள். அவரும் "வரேன்க்கா" என்று தமிழிலேயே வந்தார். இந்த ஊரில் வலியப் போய்க் கன்னடத்தில் மாட்டிக்கொண்டது நான் ஒருத்திதான் என்று அப்போது தெரிந்தது.

ஊருக்குப் போகும்போது அம்மா சொன்னாள்: "முடி போனா மயிரே போச்சு, முளைச்சுக்கும். வேலைய விடாத. ஆனா தின்னு." மாத்திரையும் கீரையுமாக ஒரு வருஷத்தில் ஓரளவு முளைத்தும் விட்டது. பழைய ஜடை திரும்பவில்லை. அந்தச் சொத்து இல்லாமலேயே எனக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தக் கல்யாணத்தில், சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே அம்மா தனியாக ஒரு தட்டு வைத்திருந்தாள். ஒரு கீரைக்கட்டு, பக்கத்தில் ஒரு பச்சை சோப்பு. என் மாமியார் குனிந்து பார்த்து, "இது என்னங்க, உங்க பக்கத்துச் சம்பிரதாயமா?" என்று மரியாதையாகக் கேட்டார். "ஆமாங்க" என்றாள் அம்மா, முகத்தை இம்மியும் மாற்றாமல். "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு குடும்பம் நடத்தணும்னு ஐதீகம்." தங்கராசு மாமா தலையைத் தடவிக்கொண்டு, "பரம்பரை வழக்கம்ங்க" என்று சாட்சி சொன்னார்.

போன வருஷம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். தட்டுகளை வரிசையாக அடுக்கியபோது ஒன்று குறைகிறது என்று மாமியார் பதறிப்போனார். ஆளை அனுப்பிக் கீரையும் சோப்பும் வாங்கிவரச் சொன்னார். வந்ததும் தட்டில் வைத்து, குங்குமம் இட்டு, பயபக்தியோடு என் கையில் கொடுத்தார்.

"நீ எடும்மா முதல்ல. உங்க வீட்டுலேர்ந்து வந்த சம்பிரதாயமாச்சே."